மருந்துப் பையை அப்படியே கொண்டு வாருங்கள்: மருந்தாளுநரிடம் கேட்டவை

சிங்கப்பூரில் மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைப் படிக்கும்போதே, பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டு மருந்துக்கடை முகப்பில் கேட்காமல் போனவைதான் இவை என்று தெரிந்தது. கேளுங்கள். பதில் சொல்வதும் எங்கள் வேலைதான்.

பிடோக் வாசகி: காய்ச்சலுக்கு, சென்னையிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய டோலோ 650 போடுகிறேன். உடம்பு வலித்தால் இடையில் பெனடாலும் போடலாமா?

வேண்டாம்மா. இரண்டும் பாரசிட்டமால்தான். டோலோவில் 650 மில்லிகிராம், சாதாரண பெனடாலில் 500. கல்லீரல் நன்றாக இருக்கும் பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மில்லிகிராம். டோலோ மூன்று வேளை என்றால் 1,950. இடையில் பெனடால் இரண்டிரண்டாக நான்கு முறை என்றால் இன்னொரு 4,000. கிட்டத்தட்ட 6,000 ஆகிவிட்டது. போதாக்குறைக்குச் சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது.

அளவு மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பயமே. ஏற்கெனவே அதிகம் போட்டிருந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அதைப் படியுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அம்மாவுக்கு 78 வயது. ரத்த அழுத்தம், இனிப்பு நீர், கொழுப்புக்குப் பலதுறை மருந்தகத்தில் மருந்து. மூட்டுவலிக்கு புளோக்கின் கீழே உள்ள கிளினிக். ஊரிலிருந்து வரும் மாத்திரைகள் வேறு. எதை எப்போது சாப்பிடுகிறார் என்றே புரியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். தைலம், லேகியம், வைட்டமின் எதையும் விடாதீர்கள்.

இப்படித்தான் ஒரு பாட்டி பையோடு வந்தார். இங்கே கொடுத்த மெட்ஃபார்மினும் இருந்தது, ஊரிலிருந்து வந்த கிளைக்கோமெட்டும் இருந்தது. இரண்டும் ஒன்றே. ஒன்று சர்க்கரைக்கு, மற்றது கால் எரிச்சலுக்கு என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டிருந்தார். பையின் அடியில், வேறொரு மருத்துவர் கொடுத்த வலிநிவாரணி டைக்ளோஃபெனாக். அவர் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரிலும், சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையும் எடுப்பவர். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். இரண்டு மருத்துவர்களும் தவறாக எழுதவில்லை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அன்றைக்கே வலிநிவாரணியை மாற்றினோம்.

இன்னொன்று. அம்மா மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார் என்றால் அதை மறைக்காதீர்கள். 'மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது' என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுப்பார். ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி அம்மா குளியலறையில் விழுவார். நாங்கள் திட்ட மாட்டோம். தலைசுற்றலா, விலையா, விழுங்க முடியவில்லையா, எதனால் விடுகிறார் என்று தெரிந்தால் வழி செய்யலாம்.

ஈசூன் வாசகர்: தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். ஒரு வேளை சாப்பாடுதான். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வழக்கம்போல் போடவும் வேண்டாம். விரதம் தொடங்க இரண்டு வாரமாவது இருக்கும்போது வந்து கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்குவது அரிது. கிளிப்பிசைட், கிளிக்லசைட், இன்சுலின் அப்படியல்ல. சாப்பிடாத வயிற்றில் அவை ஆளையே சாய்த்துவிடும். எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடலாம்.

பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெயிலில் நடக்கும்போது கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் பக்திப் பரவசம் என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். முருகன் கோபிக்க மாட்டார். கூட வருபவர் பையில் சீனியும் சோதனைக் கருவியும் இருக்கட்டும்.

ஜூரோங் வாசகி: ஜொகூரிலிருந்து ஒருவர் வாங்கி வந்த மூலிகை மாத்திரையில் அப்பாவின் மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துவிட்டது. தொடரலாமா?

இரண்டே நாளில் பறந்தது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இப்படிப்பட்ட 'மூலிகை' மருந்துகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒளிந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பல வாரங்கள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். மாத்திரையோடு அப்பாவை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பொங்கோல் வாசகர்: மாத்திரை பெரிதாக இருக்கிறது. உடைத்துச் சாப்பிடலாமா?

பெயரின் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர் போன்ற எழுத்துகள் இருந்தால் கூடாது. நாள் முழுதும் மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் கொட்டிவிடும். மற்றவற்றைக் கேட்டுவிட்டு உடையுங்கள்.

தோ பாயோ வாசகர்: பணம் கொடுத்துத்தானே வாங்குகிறேன், கடையில் ஏன் இத்தனை கேள்வி?

ஐயா, சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகை. யாரும் அலமாரியில் எடுக்கக்கூடியவை, மருத்துவர் சீட்டு வேண்டியவை, இரண்டுக்கும் நடுவே மருந்தாளுநர் விசாரித்துத் தருபவை. உங்களிடம் கேள்வி கேட்டது இந்த மூன்றாவது வகைக்காகத்தான். மருத்துவரைப் பார்க்காமலே வாங்குகிறீர்கள் என்பதால் அந்த இரண்டு நிமிடம் நாங்கள் கேட்டே ஆக வேண்டும்.

பெயர் சொல்லாத ஒருவர்: போன வருடம் திறந்த கண் சொட்டு மருந்து பாதி இருக்கிறது. காலாவதித் தேதி இன்னும் வரவில்லை.

அந்தத் தேதி திறக்காத புட்டிக்கு. திறந்தபின் பெரும்பாலானவை நான்கு வாரம்தான். தூக்கிப் போட்டுவிடுங்கள்.