வெபினார் ஓடுகிறது, மனதில் எதுவும் நிற்கவில்லை: தாராவி டாக்டர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: தாராவியில் 90 ஃபீட் ரோடு பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். எம்பிபிஎஸ் முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மருத்துவ கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் நெருங்குகிறது. அதற்கு வேண்டிய தொடர்கல்விப் பாயின்ட் பாதிதான் சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனால் கிளினிக்கை மூட வேண்டும். வாட்ஸ்அப்பில் தினமும் வெபினார் லிங்க் வருகிறது. போனில் அதை ஓடவிட்டு நோயாளிகளைப் பார்க்கிறேன். சர்டிபிகேட்டும் வந்துவிடுகிறது, ஆனால் மனதில் ஒன்றும் தங்குவதில்லை. ஆன்லைனில் உருப்படியாகப் படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும் டாக்டர். நேரில் உட்கார்ந்து கேட்டால்தான் ஏறும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் வந்த பெரிய தொகுப்பாய்வு, மருத்துவத் துறையினருக்கான இணையவழிப் படிப்புகளை மற்ற முறைகளோடு ஒப்பிட்டது. சராசரியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் வருவது வேறு இடத்தில். அதே இதழில் 1999-ல் வந்த இன்னொரு ஆய்வுத் தொகுப்பு, வெறும் சொற்பொழிவைக் கேட்டுவிட்டுப் போகும் டாக்டரின் சிகிச்சைமுறை மாறுவதில்லை என்றது. கேஸை முன்னால் வைத்து, கேள்வி கேட்டு, பதில் சொல்ல வைத்த வகுப்புகளுக்குப் பிறகுதான் மாற்றம் வந்தது. உங்கள் போனில் ஓடுவது முதல் ரகம். அது ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடந்தாலும் மனதில் தங்கியிருக்காது.

உங்களைப் போன்றவர்கள் இந்தப் பக்கம் வரத் தயங்குவதைச் சிலர் சோம்பல் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு மாநாட்டுக்குப் போக விடுப்பு கிடைக்கும், சம்பளமும் ஓடும். நீங்கள் ஷட்டரை இறக்கினால் அன்றைய வருமானம் போச்சு. காய்ச்சல் குழந்தையோடு வந்த அம்மா அடுத்த சந்து டாக்டரிடம் போய்விடுவார். வெபினார் நடத்துபவர்களோ சாயந்திரம் ஏழு மணிக்கு வைக்கிறார்கள், உங்கள் கிளினிக்கில் நிற்க இடமில்லாத நேரம் பார்த்து. பேசுபவர் ஸ்பெஷலிஸ்ட், அவர் காட்டும் ஸ்லைடில் இருக்கும் பரிசோதனைகளில் பாதிக்கு உங்கள் நோயாளியிடம் பணம் இருக்காது. ஆகவே நேரலையை விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தோதான நேரத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய, நடுநடுவே கேள்வி கேட்கும் பாடங்களை மட்டும் எடுங்கள். பதிவுக்கு வேண்டிய தொடர்கல்வி, ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம், மாதத்துக்கு அரை மணிதான். காலை ஓபிக்கும் சாயந்திர ஓபிக்கும் நடுவில், சாப்பிட்டபின் கம்பவுண்டரும் வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், வாரம் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும், அதைத் தாண்டிவிடலாம்.

சரி, என்ன படிப்பது? கோர்ஸ் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நமக்குப் பிடித்ததையும் ஏற்கெனவே தெரிந்ததையும்தான் கை தேடும். நமக்கு எது தெரியவில்லை என்பதை நாமே எடைபோடுவதில் டாக்டர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. அதற்குப் பதில் மேஜையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். மருந்து எழுதும்போது எங்கெல்லாம் பேனா ஒரு நொடி நின்றதோ, அந்த இடத்தை ஒரே வரியில் குறியுங்கள். 'கர்ப்பிணி, சிறுநீர்த் தொற்று, எந்த ஆன்டிபயாடிக்?' 'கிரியாட்டினின் 1.8, மெட்ஃபார்மின் தொடரலாமா?' பெயர் வேண்டாம், கேள்வி போதும். இரண்டு வாரத்தில் உங்கள் பாடத்திட்டம் அந்த நோட்டில் இருக்கும்.

நோட்டில் வராத கேள்விகளும் உண்டு. பேனா நிற்காமல் எழுதியும் தப்பாகப் போகிற இடங்கள் அவை. மும்பைக்கு அதன் கசப்பான சான்று காசநோய். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த ஊரின் 100 தனியார் டாக்டர்கள் காசநோய்க்கு 80 விதமான மருந்துத் திட்டங்களை எழுதினார்கள். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வு: 106 டாக்டர்கள், 63 விதமான திட்டங்கள், சரியாக எழுதியவர்கள் 6 பேர். இதில் என்னை மிகவும் வருத்துவது, அந்த 106 பேரிடமும் கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது ஒரு தொடர்கல்வி நிகழ்ச்சியில்தான் என்பது. படிக்க வந்தவர்கள்தான் அவர்கள்!

ஒரு மருந்துச் சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மூன்று வாரமாக இருமல், சாயந்திரம் லேசான காய்ச்சல், எடை குறைவு. தோல் பட்டறையில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர். சீட்டில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஐந்து நாளைக்கு, கூடவே இருமல் சிரப். ஐந்தாம் நாள் கொஞ்சம் தேவலை என்கிறார். லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும், அதனால் நோய் மறைந்து நின்று பிறகு தலைதூக்கும். கண்டுபிடிப்பு தள்ளிப்போகும், அந்த மருந்துக்கே எதிர்ப்புத் திறனும் வளரலாம். தேவையானது சளியில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மரபணுப் பரிசோதனை. முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதிலேயே அறியலாம், அரசு மையத்தில் இலவசம். நோய் உறுதியானதும் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிய வேண்டும். தனியார் டாக்டர்களுக்கும் 2012 முதல் இது கட்டாயம். நோயாளிக்கு ஊட்டச்சத்துத் தொகை கிடைக்கவும் அந்தப் பதிவு வேண்டும். பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு ஆறு மாதத்தில் முடியும் புதிய கூட்டு சிகிச்சையை மத்திய சுகாதார அமைச்சகம் 2024-ல் அனுமதித்தது. இதெல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்தபோது இல்லாதவை. காசநோயில் ஒரு நல்ல ஆன்லைன் பாடத்தை முடிப்பது தாராவி டாக்டருக்கு முதல் வேலை. நோட்டு அதற்கு அப்புறம்.

கிடைக்கும் இடங்களைச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2019 முதல் வெளியிட்டுவரும் சிகிச்சை வழிமுறைத் தாள்கள் இலவசம். ஒரு நோய்க்கு ஒரு பக்கம், எங்கே நிறுத்தி மேலே அனுப்ப வேண்டும் என்பது உட்பட. அவற்றை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம். ஆன்டிபயாடிக் சந்தேகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட 'அவேர்' கையேடு, ஓபியில் வரும் சாதாரணத் தொற்றுகளுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறது. ஒழுங்காக, முழுப் படிப்பாகவே படிக்க ஆசை இருந்தால் வேலூர் சிஎம்சியின் தொலைவழிக் குடும்ப மருத்துவப் படிப்பை விசாரியுங்கள். 'அனுப்புவதைக் குறை, நீயே தீர்' என்ற பொருளில் அவர்கள் வைத்திருக்கும் முழக்கம் உங்கள் கிளினிக்கைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். இந்திய மருத்துவ சங்கத்தின் பொது மருத்துவர் கல்லூரியும் இந்தியக் குடும்ப மருத்துவர் அகாடமியும் நம் பக்கத்திலிருந்து பாடம் நடத்துகின்றன. ஸ்பெஷலிஸ்ட் பார்வை அங்கே குறைவு.

மழைக்கு முன்னால் மழைக்கால நோய்களைப் படியுங்கள். ஜூலையில் சயான் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும்போது டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் மூன்றும் ஒரே வரிசையில் வந்து உட்காரும். அப்போது படிக்க நேரம் ஏது? மே மாதம் அதற்கானது. தேங்கிய தண்ணீரில் நடந்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கும்படி மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்திலும் அறிவிக்கிறது. கர்ப்பிணிக்கும் 8 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் அது கூடாது, அசித்ரோமைசின்தான். மருந்தை நீங்களே பொட்டலம் கட்டிக் கொடுப்பவர் என்றால் இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஆன்லைனில் வராதது கைவேலை. இசிஜி படிப்பது, தோல் நோயை அடையாளம் காண்பது எல்லாம் திரையில் நன்றாகவே வரும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்வு பார்ப்பது, தையல், இன்ஹேலர் பிடிக்கும் முறை ஆகியவற்றை யாராவது பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை வருடத்துக்கு ஒரு முறை விட்டுக்கொடுப்பதென்றால் இப்படிப்பட்ட பயிற்சி முகாமுக்கு விடுங்கள்.

மருந்துக் கம்பெனி ரெப் அனுப்பும் லிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியிடம் பரிசு, பயணம், விருந்து வாங்குவதை மருத்துவ நெறிமுறை விதிகளின் 2009 திருத்தமே தடுக்கிறது. இலவச வெபினார் அந்த வாசல் வழியாக வராததால் நமக்கு உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும். ஸ்லைடில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கிறதா, பிராண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவான பழைய மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரம் போனால் மூடிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் செலவு உங்கள் நோயாளியின் மெடிக்கல் பில்லில் வரும்.

தனியாகப் படித்தால் தளர்ந்துபோகும், இது எல்லோருக்கும் உள்ளதுதான். அக்கம்பக்கத்து டாக்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, மாதம் ஒரு ராத்திரி பத்தரைக்கு மேல் வீடியோ அழைப்பில் ஆளுக்கு ஒரு கேஸ் சொல்லுங்கள். கூடுமானால் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பேசுவதைவிட நீங்கள் பேசுவது அதிகமாக இருக்கட்டும். சஞ்சீவ் அரோரா 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஈரல் அழற்சி 'சி' நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறை இதுதான். 2011-ல் வந்த முடிவில், கிராமத்துக் குடும்ப டாக்டர்களிடம் சிகிச்சை பெற்றவர்களும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், 58 சதவீதம் அளவில், குணமானார்கள். எக்கோ இந்தியாவும் வெவ்வேறு நோய்களுக்கு இப்படிக் குழுக்கள் நடத்துகிறது. வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரே அனுப்பும்போது மட்டும் பெயரை மறையுங்கள், நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு பாடம் முடிந்ததும், நாளை முதல் எதை மாற்றப் போகிறீர்கள் என்று அதே நோட்டில் எழுதுங்கள். 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சளிப் பரிசோதனை. குயினோலோன் (லெவோஃப்ளாக்சசின் வகை) இல்லை' என்பது போல. மூன்று மாதம் கழித்துக் கடைசி இருபது இருமல் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் அது நடந்திருக்கிறது என்பதுதான் உங்கள் மார்க்.

கடைசியாகப் பாயின்ட் விவகாரம். ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் என்பது 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகளில் உள்ளது. மகாராஷ்டிர மருத்துவ கவுன்சில் பதிவுப் புதுப்பித்தலுக்கு 30 பாயின்ட் கேட்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே திரும்ப வந்தன. வெளிநாட்டுத் தளத்தின் சர்டிபிகேட் எவ்வளவு நல்ல படிப்புக்கானதாக இருந்தாலும் தானாகப் பாயின்ட் ஆகாது. சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: நடத்துபவருக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, இந்த ஆன்லைன் நிகழ்ச்சிக்குத் தனியாக எத்தனை பாயின்ட் தந்திருக்கிறார்கள், சர்டிபிகேட்டில் உங்கள் பதிவு எண் வருமா. ஆன்லைன் பற்றிய சுற்றறிக்கைகள் மாறக்கூடியவை; வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் கவுன்சிலின் தளத்திலேயே பாருங்கள். இதுவரை சேர்ந்த பாயின்ட்கள் உங்கள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்பதை இந்த வாரமே சரிபார்த்துவிடுங்கள். விடுபட்டிருந்தால், நடத்தியவரைத் தேடிப் பிடித்துத் திருத்தவே மாதக்கணக்கில் ஆகிவிடும்.