கேள்வி – பதில்: வெளிநாட்டுப் பணம் வாங்கப் போகிறீர்களா?

கே: ‘கமிஷன் கிடையாது’ என்று போர்டு வைத்திருக்கும் கடையில் யூரோ வாங்கினால் லாபம்தானே?

ப: கமிஷனை ரேட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பார்கள். போர்டில் இரண்டு விலை இருக்கும்: அவர்கள் விற்கும் விலை, திரும்ப வாங்கும் விலை. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அன்றைய சந்தை விலை. விற்பது 104, வாங்குவது 96 என்றால் நடுவிலை 100. யூரோவுக்கு 4 ரூபாய் வீதம் கடைக்குப் போகிறது. செல்போனில் தேடினால் வருவதும் இந்த நடுவிலைதான். அந்த விலைக்கு எந்தக் கவுன்டரிலும் நோட்டு கிடைக்காது. அதிலிருந்து எவ்வளவு தள்ளி விற்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

பக்கத்துக் கடையில் யூரோ 101.50, கட்டணம் தனியாக 500 என்று வைத்துக்கொள்வோம். 1,000 யூரோவுக்கு அங்கே 1,02,000 ஆகும். முதல் கடையில் 1,04,000. வெறும் 100 யூரோ போதுமென்றால் கதை மாறிவிடும்: கட்டணம் கேட்கும் கடையில் 10,650, ‘கமிஷன் இல்லாத’ கடையில் 10,400. எனவே ‘ரேட் என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘இத்தனை யூரோ என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து எவ்வளவு தர வேண்டும்?’ என்று கேளுங்கள். மூன்று நான்கு இடங்களில், ஒரே நாளில் கேளுங்கள். நேற்றைய விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

கே: ரேட் இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?

ப: சந்தை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஆளில்லை. கடைக்குக் கடை உள்ள வித்தியாசமே பல சமயம் ஒரு வார ஏற்ற இறக்கத்தைவிட அதிகம். மனசு கேட்கவில்லையென்றால் பாதியை இப்போதும் மீதியைக் கிளம்பும் வாரத்திலும் வாங்குங்கள்.

கே: விமான நிலையத்தில் வாங்கினால் என்ன?

ப: வேறு வழியே இல்லாதபோது மட்டும். வாடகை அதிகம், போட்டி குறைவு, வருகிறவருக்கோ அவசரம். மூன்றுமே விலையில் ஏறும். டாக்ஸிக்கும் முதல் நாள் சாப்பாட்டுக்கும் போதுமானதை மட்டும் மாற்றுங்கள். அங்கேதான் வாங்கியாக வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முந்தின நாளே ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். பல நிறுவனங்களில் கவுன்டர் விலையைவிட அது குறைவு.

கே: கார்டு இருக்கும்போது நோட்டு எதற்கு?

ப: பெரும்பகுதியைக் கார்டிலேயே செலவழிக்கலாம், நோட்டு கைச்செலவுக்குப் போதும். ஆனால் உங்கள் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுக்காதீர்கள். பெரும்பாலான கார்டுகளில் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு. ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டென்றால், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா, இந்த நாட்டுப் பணத்தில் கட்டவா?’ என்று வரும். சொந்தப் பணத்தைத் தொட்டீர்களோ, மாற்று விலையை நிர்ணயிப்பது அந்த மெஷின்காரர். உங்கள் வங்கி அல்ல. அவர் வைக்கும் விலை வழக்கமாக மோசம். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தொடுங்கள். ஏடிஎம்மில் ‘மாற்றாமல் தொடரவும்’ என்பதே சரியான பொத்தான். சில ஏடிஎம்களில் அது பணத்தை மறுப்பது போன்ற வாசகத்தோடு வரும்; பயப்பட வேண்டாம், பணம் வரும்.

முன்கூட்டியே பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கினால் போகும் நாட்டுப் பணத்தையே ஏற்றுங்கள். டாலர் ஏற்றிவிட்டு யூரோவில் செலவழித்தால் மாற்றும் கட்டணம் இரண்டாவது தடவையும் விழும்.

கே: நோட்டு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ப: கவுன்டரை விட்டு நகரும் முன் எண்ணுங்கள். கிழிந்தது, பேனாவால் கிறுக்கியது, முத்திரை குத்தியது எதுவும் வேண்டாம். பழைய டாலர் நோட்டு அமெரிக்காவில் இன்றும் செல்லும், ஆனால் வேறு பல நாடுகளில் கசங்கியதையும் பழைய வடிவத்தையும் வாங்க மறுப்பார்கள். பிரிட்டிஷ் பவுண்டில் காகித 20, 50 நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது; பாலிமர் நோட்டுதானா என்று பாருங்கள். 500 யூரோ நோட்டைப் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். 10, 20, 50-ஆகக் கேளுங்கள்.

துனிசியாவின் பணமான தினாரை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகவோ வெளியே கொண்டுவரவோ கூடாது. அப்படிப்பட்ட இடங்களுக்கு யூரோ அல்லது டாலர் எடுத்துப்போய் அங்கே போய் மாற்றுவதுதான் வழி. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மிச்சத்தைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள். நாணயங்களைப் பொதுவாக எந்தக் கவுன்டரும் வாங்காது. ஊர் திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள்.