தள்ளுபடி போர்டை விடுங்கள், பில்லைத் திருத்துங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆறு வருடமாக ஒரு சின்ன பொட்டீக் நடத்துகிறேன். உள்ளூர் டிசைனர்கள் நான்கு பேர் தைத்துத் தரும் குர்த்தி, பிளவுஸ், கூடவே கைத்தறிச் சேலைகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ் அடுக்குச் சரக்கு நனைந்தது. அதிலிருந்து இன்னும் எழ முடியவில்லை. ஆன்லைன் விலைக்கு ஈடுகொடுக்க வருடம் முழுக்க ‘50% தள்ளுபடி’ போர்டு வைக்கலாமா? பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதை வைத்து ஒரு வாடிக்கையாளர் சண்டை போடுகிறார். அது தவறா?

பதில்: போர்டு வேண்டவே வேண்டாம். விலையை ஏற்றி எழுதிவிட்டுப் பாதியாகக் குறைத்துக் காட்டுவது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உண்மையிலேயே பாதி விலைக்குக் கொடுத்தால் தைத்தவரின் கூலியில்தான் கை வைக்க வேண்டிவரும். பெரிய ஜவுளிக்கடைகள் ஆடித் தள்ளுபடி போடுவது மொத்தக் கொள்முதலின் பலத்தில். டிசைனுக்கு நான்கைந்து உருப்படி வாங்கும் உங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

உங்களிடம் வேறு ஒன்று இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு என் மகளுக்கு உங்கள் கடை மாதிரியான ஒரு கடையில் குர்த்தி எடுத்தோம். போட்டுப் பார்த்தால் கை தூக்க முடியவில்லை, அக்குளில் இறுக்கியது. கடைக்காரம்மா குர்த்தியைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினார். இரண்டு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத் தைத்திருந்தது. தைத்த பெண் பக்கத்துத் தெருதான். பழைய தையலைப் பிரித்து, கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டு ஓட்டி, நாங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் கொடுத்துவிட்டார். எந்த ஆன்லைன் கடையாலும் இதைச் செய்ய முடியாது. ‘ஒரு வருடம் வரை ஆல்ட்டர் இலவசம்’ என்று எழுதி வாசலில் மாட்டுங்கள். தள்ளுபடி போர்டை விட அது ஆளை உள்ளே கூட்டிவரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பில் விஷயத்தில் உங்கள் வாடிக்கையாளர் பக்கம்தான் நியாயம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் பொருள் வந்தால் ஏற்றுக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். ‘கலர் பிடிக்கவில்லை’ என்று வருவது வேறு, அது உங்கள் விருப்பம். அந்த வரியை அடித்துவிட்டு, ‘குறையிருந்தால் 30 நாளுக்குள் கொண்டுவாருங்கள்’ என்று அச்சடியுங்கள். நனைந்த சரக்கு மிச்சம் இருந்தால் அதைத் தனியாக வைத்து, ‘வெள்ளத்தில் நனைந்தது’ என்று பில்லிலேயே எழுதி விற்றுவிடுங்கள்.

இன்னொன்று. 1000 ரூபாய்க்கு மேல் 2500 வரை விலையுள்ள ரெடிமேடு உடைக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி வசூலிக்கும் கடையென்றால் அந்தக் குறைவு விலைச் சீட்டில் தெரிய வேண்டும்.

அப்புறம், டிசைனர்களின் பாக்கி. அவர்கள் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்து, நீங்கள் சரக்கை விலைக்கே வாங்கியிருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். கையில் பணம் இல்லாத மாதத்தில் விற்ற பிறகு பணம் என்ற முறையில் சரக்கு வையுங்கள், ஆனால் அதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்த நான்கு பேரும் விலகிவிட்டால் உங்கள் கடையும் மற்ற கடைகளைப் போல ஆகிவிடும்.

கேள்வி: வீரவநல்லூர் செடிபுட்டா என்று சொல்லி விற்கிறார்களே, நம்பி எடுக்கலாமா? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: செடியும் பூவுமாகப் புட்டா போட்டுக் கையால் நெய்யும் சேலை அது. 2023 ஜூலையில் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்களுக்கு வீரவநல்லூர் பக்கம்தானே, ஒரு நாள் நேரில் போய்த் தறியைப் பார்த்தே எடுக்கலாம். கடையில் எடுத்தால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் வெறுமனே ‘சேலை’ என்று போட விடாதீர்கள், ‘வீரவநல்லூர் கைத்தறி செடிபுட்டா’ என்று முழுதாக எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் எடுக்க வேண்டாம். எழுதிக் கொடுத்தும் சேலை வேறாக இருந்தால், அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள்.