தூங்குறவங்கள எழுப்பி பிபி பார்க்கணுமா?

கேள்வி: அம்மாவுக்கு பித்தப்பை ஆபரேஷன் ஆகி வார்டுல இருக்காங்க. அன்னிக்கு சிஸ்டர் கால் மணிக்கொரு தடவை வந்து பிபி, பல்ஸ் பார்த்தாங்க, மறுநாள் 4 மணி நேரம் ஆனா தான் எட்டிப் பார்க்கிறாங்க, அதுவும் ராத்திரி அசந்து தூங்குறப்போ எழுப்பிடறாங்க. இதுக்கு கணக்கு ஏதும் இருக்கா, இல்ல அவங்க இஷ்டமா?

பதில்: கணக்கு இருக்குங்க, ஆனா எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது. ஆபரேஷன் முடிஞ்சதும் உள்ள ரத்தம் கசியுதான்னு வெளிய தெரியாது, பல்ஸ் ஏறுறதும் பிபி இறங்குறதும் தான் காட்டிக்கொடுக்கும், அதனால முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அரை மணி, அப்புறம் ஒரு மணி, எல்லாம் சரியா இருந்தா 4 மணி நேரம்னு தள்ளிப் போயிட்டே இருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். அதனால சிஸ்டர் வர்றது குறைஞ்சா கோச்சுக்காதீங்க, அம்மா தேறிட்டு வர்றாங்க.

பிரிட்டன்ல இதுக்கு மார்க்கே போடறாங்க. 2012ல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்கிற டாக்டர்கள் அமைப்பு கொண்டுவந்து 2017ல திருத்தின 'நியூஸ்' (NEWS, உடம்பு மோசமாகுதான்னு முன்கூட்டியே எச்சரிக்கிற மார்க்) ஸ்கோர். மூச்சு, ஆக்சிஜன், பிபி, பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் எல்லாத்துக்கும் மார்க் போட்டு கூட்டுவாங்க, பூஜ்யம்னா 12 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கணும், 1ல இருந்து 4ன்னா 4-6 மணி நேரம், 5 வந்துட்டா மணிக்கொரு தடவை, 7ன்னா விடாம மானிட்டர். பரீட்சைக்கு நேர்மாறு, இங்க பூஜ்யம் வாங்கினவர் தான் கெட்டிக்காரர்!

எல்லாரும் பிபிய தான் கேப்பாங்க, நான் முதல்ல மூச்ச தான் பார்ப்பேன், உடம்பு மோசமாகப் போகுதுன்னா பல நேரம் அது தான் முதல்ல மாறும். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 வரை இருக்கலாம். எண்ணப் போறேன்னு சொன்னா பேஷண்ட் மூச்ச மாத்தி விடுவாங்க, அதனால நல்ல சிஸ்டர் பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்ட பிடிச்சுக்கிட்டே கண்ணால நெஞ்சு ஏறி இறங்குறத ஒரு முழு நிமிஷம் எண்ணுவாங்க. சார்ட்ல வார்டு முழுக்க 20, 20, 20னு இருந்தா யாரும் எண்ணலன்னு எனக்கு சந்தேகம் வந்துடும்.

ராத்திரி விஷயம். வலிக்கு மார்ஃபின் மாதிரி மருந்து போயிருந்தா மூச்சு மந்தமாகலாம், எழுப்பினா தான் தூக்கமா மயக்கமான்னு தெரியும், அதனால முதல் ராத்திரி பொறுத்துக்கோங்க. ரெண்டு மூணு நாளா எல்லாம் நார்மலா இருந்தா, ராத்திரி செக்கிங்க குறைக்கலாமான்னு ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட கேளுங்க, தப்பே இல்ல.

கேள்வி: அப்பாவுக்கு ரத்தம் ஏத்தினப்போ சிஸ்டர் கொஞ்ச நேரம் நகரவே இல்ல. பயந்துட்டோம், ஏன் அப்படி?

பதில்: ஒவ்வாம வர்ற பெரிய ரியாக்‌ஷன் பலதும் ஆரம்பத்துலயே தலைகாட்டும். அதனால ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஆரம்பிச்ச 15 நிமிஷத்துல ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை பார்த்தே ஆகணும். நடுவுல குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத்திணறல்னு எது வந்தாலும் அடுத்த செக்கிங் வரைக்கும் காத்திருக்காம பெல் அடிங்க, ஓடி வந்து முதல்ல ரத்தத்த நிறுத்துவாங்க.