மேல் தண்ணீர், கீழ்த் தண்ணீர்: கடலோரக் கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தண்ணீர் நிற்கும்போது நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டு வந்த கேள்விகளில் சில இங்கே.

ஐயா, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஆண்கடலும் பெண்கடலும் கலக்காது என்று வண்டியில் வருகிறவர்களுக்குச் சொல்கிறோம். கோடும் தெரிகிறது. சரிதானே? (வேன் ஓட்டுநர், ராமேசுவரம்)

கோடு உண்மை, தம்பி. கலக்காது என்பது உண்மை இல்லை.

மழைக்காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் பாக் நீரிணை வழியாகப் பெண்கடலுக்குள், அதாவது பாக் விரிகுடாவுக்குள், வருகிறது. உப்புக் குறைந்தால் எடையும் குறைவு. ஆண்கடலான மன்னார் வளைகுடாத் தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் கனம். இரண்டும் முட்டும்போது லேசானது மேலே ஏறும், கனமானது அடியில் நுழையும். நுரையும் பாசித் துணுக்கும் அடியில் போக முடியாது. அதனால் முட்டுகிற இடத்திலேயே வரிசை கட்டி நிற்கும். அப்புறம், ஒரு பக்கம் கலங்கலும் மறுபக்கம் தெளிவும் இருந்தால் நிறமும் மாறித் தெரியும்.

கலப்பது அடியில் நடக்கிறது. மேல் அடுக்கு ஒரு வேகத்திலும் கீழ் அடுக்கு வேறு வேகத்திலும் ஓடினால் எல்லையில் சுருக்கம் விழும். சுருக்கத்தின் மேட்டைத் தாண்டும் தண்ணீர் நெருங்கி வேகமாக ஓடும். அங்கே அழுத்தம் குறையும், அதனால் மேடு இன்னும் உயரும். கடைசியில் பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு மடியும். ஒவ்வொரு சுருளும் கீழ்த் தண்ணீரை மேலே அள்ளுகிறது, மேல் தண்ணீரைக் கீழே திணிக்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868இலும் கெல்வின் 1871இலும் இதை எழுதினார்கள். எடை வித்தியாசம் சுருளவிடாமல் பிடிக்கும், வேக வித்தியாசம் சுருட்டும்; எது மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. சில நாள் காலையில் மேகம் அலைபோல வரிசையாகச் சுருண்டு நிற்கும். அதுவும் இதே வேலைதான். வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், கலக்காது என்பதைவிட இது பெரிய அதிசயம்.

சார், என் மகன் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, அட்டை வைத்துக் கவிழ்த்துக் காட்டினான். காற்றழுத்தம் தாங்குகிறது என்றான். அட்டையை எடுத்ததும் கொட்டிவிட்டது. அழுத்தம் அப்போதும் இருக்கிறதே? (கீழக்கரை)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, அம்மா. பாடப் புத்தகம் பாதியில் விட்டுவிடுகிற இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

காற்றழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். டம்ளர் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அட்டை இருந்தாலும் எடுத்தாலும் அழுத்தம் அதேதான். எல்லை கண்ணாடிபோலத் தட்டையாக இருந்தால் அட்டை இல்லாமலும் தண்ணீர் நிற்கும். ஆனால் கனமானது மேலே, லேசானது கீழே என்று இருக்கும்போது எல்லையில் விழும் சின்னச் சுருக்கமும் தானாக வளரும். தொங்குகிற இடத்தில் தண்ணீர் இன்னும் தொங்கும், குழிந்த இடத்தில் காற்று இன்னும் ஏறும். ரேலி பிரபு 1883இல் இதன் கணக்கைப் போட்டார், 1950இல் ஜி. ஐ. டெய்லர் விரிவாக்கினார்.

எவ்வளவு வேகம் தெரியுமா? டம்ளர் வாய் அளவுக்கு, அதாவது 6 செ.மீ. அகலச் சுருக்கம் என்றால், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு வளரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குச் சுருக்கம் விரல் பருமனாகிவிடும். கை நடுங்காத மனிதர் யார்?

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை, சுமார் 1.7 செ.மீ.க்குக் குறைந்த சுருக்கங்களை வளரவிடாது. கொசுவலையின் கண் அதைவிட மிகச் சின்னது; டம்ளர் வாயில் அந்த வலைத் துண்டை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீரை நிரப்பி, அட்டை வைத்துக் கவிழ்த்து, அட்டையை மெல்லப் பக்கவாட்டில் உருவுங்கள். தண்ணீர் நிற்கும். கிட்டப் பார்த்தால் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பொட்டு புடைத்திருக்கும். டம்ளரைச் சாய்த்தால் ஒரு ஓரத்தில் காற்று ஏறும், மறு ஓரத்தில் தண்ணீர் கொட்டும். மகனையே செய்யச் சொல்லுங்கள்.

பாத்தியில் மழை விழுந்தால் மேலே நல்ல தண்ணீர் தனியாக நிற்கிறது. கூடவே கலந்திருக்க வேண்டாமா, சார்? (உப்பளத் தொழிலாளி, வாலிநோக்கம்)

உப்பு விளைகிற பதத்தில், அதாவது 25 டிகிரி போமேயில் (இது சூடு இல்லை, உப்புச் செறிவின் அளவு), உங்கள் பாத்தித் தண்ணீர் லிட்டருக்கு 1.2 கிலோ இருக்கும், தங்கச்சி. மழைத் தண்ணீர் 1 கிலோதான். லேசானது மேலே இருப்பதால் சுருக்கம் விழுந்தாலும் அது தானே அமர்ந்துவிடும். காற்று கிளம்பினால் கதை வேறு. மேல் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, முதல் கேள்வியில் சொன்ன சுருளை உண்டாக்கிக் கலக்கிவிடும். மழை விட்டதும் மேல் தண்ணீரை மட்டும் வடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுவது இதனால்தான். அது முழுக்கச் சரி.

லேசானது மேலே இருந்தால் எப்போதும் நிலையாக இருக்குமா, சார்? (கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

இல்லை, பாப்பா! வெப்பம் தண்ணீரில் உப்பைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாகப் பரவும். சூடான உப்புத் தண்ணீர் மேலே, குளிர்ந்த நல்ல தண்ணீர் கீழே என்று வை. சூட்டினால் மேலே இருப்பது லேசு. ஆனால் அதில் ஒரு துளி கீழே இறங்கினால் சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும், உப்பு மட்டும் தங்கும். உடனே கனத்துப்போய் மேலும் இறங்கும். இதற்கு உப்பு விரல்கள் என்று பெயர். 1956இல் ஸ்டோம்மெலும் கூட்டாளிகளும் ஆழ்கடலில் குழாய் இறக்கினால் ஓயாத ஊற்று கிடைக்கும் என்று எழுதினார்கள். குழாயே வேண்டாம், தானாக நடக்கும் என்று 1960இல் ஸ்டெர்ன் காட்டினார்.

செய்து பார். ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் உப்பு, நாலு சொட்டு மை. ஃபிரிட்ஜ் தண்ணீர் பாதி நிரம்பிய கண்ணாடி டம்ளரில், கரண்டியின் முதுகு வழியாக மெல்ல விடு. சற்று நேரத்தில் நூல் நூலாக இறங்கும்.

கச்சான் காற்று அடிக்கும்போது அலை எழுவதும் இந்தச் சுருள்தானா? (ஏர்வாடி)

முழுதாக இல்லை. கெல்வின் கணக்குப்படி காற்று மணிக்கு 23 கி.மீ.யைத் தாண்டினால்தான் கடலில் சிலிர்ப்பு எழ வேண்டும். நாம் அதைவிட எவ்வளவோ மெல்லிய காற்றிலேயே பார்க்கிறோம். காற்றின் கொந்தளிப்பு அலையைத் தொடங்கி வைக்கிறது என்று பிலிப்ஸும், காற்றின் வேகம் உயரத்துக்கு உயரம் மாறுவதால் அலை வளர்கிறது என்று மைல்ஸும் 1957இல் தனித்தனியாக விளக்கினார்கள்.

அண்ணே, மழைக்கு அப்புறம் வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கம் போனால் சில நேரம் படகை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. (நாட்டுப்படகுக்காரர்)

முதலில் விசிறியைத் தூக்கிப் பாருங்கள், பாசியோ அறுந்த வலையோ சுற்றியிருக்கலாம். அது இல்லை என்றால் கேட்க வேண்டிய விஷயம்தான். 1893இல் நார்வே ஆய்வாளர் நான்சென் தலைமையில் போன ஃபிராம் கப்பல் ஆர்க்டிக் கடலில் இப்படித்தான் சிக்கியது. பனி உருகிய நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் கீழே. கப்பல் அந்த எல்லையில் கண்ணுக்குத் தெரியாத அலையை எழுப்பி, தன் பலத்தை எல்லாம் அதிலேயே செலவழித்தது. 1904இல் கடலியலாளர் எக்மன் தொட்டியில் செய்து நிரூபித்தார்.

வைகைத் தண்ணீர் கடலில் இறங்கும் நாளில் அங்கே மேலே நல்ல தண்ணீர் பரவும். பெண்கடல் ஆழம் குறைவு, காற்று அடித்தால் சீக்கிரம் கலந்துவிடும். ஆகவே காற்றில்லாத காலையில் பாருங்கள். அடுத்த முறை இழுத்தால் அந்த இடத்திலேயே மேலே ஒரு பாட்டில், கல் கட்டி ஒரு பாகம் (சுமார் 1.8 மீட்டர்) கீழே ஒரு பாட்டில் என்று தண்ணீர் பிடித்து வாருங்கள். இரண்டையும் என் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம்.