நட் இறுக்கவா பேராதனைக்கு அனுப்பினோம்?

தலவாக்கலைப் பக்கத்துத் தாய் ஒருவரின் கேள்வி: “மகள் பேராதனையில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் வருடம். கைத்தொழிற் பயிற்சிக்குக் கார் பொருத்தும் கொம்பனி ஒன்றில் இடம் கிடைத்தது. மூன்று வாரமாகச் சக்கரத்து நட் இறுக்குகிறாளாம். இதற்கா கடன்பட்டுப் படிக்க வைத்தோம்?”

அம்மா, மூன்று வாரம் இறுக்கட்டும். பத்தாவது வாரத்திலும் அதே இடத்தில், அதே வேலையை, எதையும் அளக்காமல் செய்துகொண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதில் பாதிப் பொறுப்பு கொம்பனிக்கு, மீதிப் பாதி மகளுக்கு. அவளுக்கு வாசித்துக் காட்டக்கூடிய விதத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த நட்டையே எடுப்போம். சிறிய காரின் சக்கர நட்டுக்கு மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 85 முதல் 125 நியூட்டன் மீற்றர் வரை டோர்க், அதாவது முறுக்குவிசை, கொடுக்க வேண்டும். எந்த மாடலுக்கு எவ்வளவு என்பது வேலைத் தாளில் இருக்கும். நட்டைக் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிய பிறகுதான் கருவியை வைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் காற்றழுத்தத்தில் நட் இறுக்கும் துப்பாக்கியை வைத்தால் மரை குறுக்கே ஏறிவிடும். பிறகு நான்கு நட் என்றால் குறுக்காக, ஐந்து என்றால் நட்சத்திர வடிவில் இறுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் சக்கரம் சாய்ந்து உட்காரும். குறித்த டோர்க் வந்ததும் டோர்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்னும், உடனே கையை எடுத்துவிட வேண்டும். உறுதிக்காக இன்னொரு இழுப்பு இழுப்பவர்கள் பழைய ஆட்களிலும் உண்டு. அந்த இழுப்பு ஸ்டட்டை (நட் ஏறும் மரைத் தண்டை) நீட்டும், பிரேக் டிஸ்க்கை நெளிக்கும், ஓட்டும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறும்.

மரையில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். நாம் கொடுக்கும் டோர்க்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நட்டைப் பிடித்து நிறுத்தும் விசையாகிறது. மீதியை நட்டின் அடிப்பரப்பு உராய்வும் மரையின் உராய்வும் தின்றுவிடுகின்றன. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்தால், ரெஞ்ச் அதே எண்ணில் ‘கிளிக்’ என்று சொன்னாலும் உள்ளே ஸ்டட் மீதான இழுவிசை எவ்வளவோ கூடியிருக்கும். விரிவுரையில் கரும்பலகையில் பார்த்த சமன்பாடு இதுதான். அதைக் கையால் உணர்ந்தவளுக்கு வாய்மொழிப் பரீட்சையில் தடுமாற்றம் வராது. டோர்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றக் கூடாது, வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 இறுக்கலுக்கு ஒருமுறை அளவுத் திருத்தம் பார்க்க வேண்டும். கருவியில் ஒட்டியிருக்கும் திகதியை முதல் நாளே பார்த்துக் குறித்துக்கொள்ளும் பிள்ளையைப் பயிற்சி அதிகாரி கவனிக்காமல் போகமாட்டார்.

இனி தொழிற்சாலை. நம் நாட்டில் கார் பொருத்தும் இடங்கள் சின்னவை. ஜப்பானில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கார் என்ற கணக்கில் வெளியே வரும் தொழிற்சாலைகள் இருக்கின்றன, இங்கே அப்படி இல்லை. பெரும்பாலும் பெயின்ட் அடித்த உடல் பெட்டியில் வந்து இறங்கும். அதில் வயரிங், டேஷ்போர்ட், கண்ணாடி, கதவு, இருக்கை என்று ஏற்றி, கீழிருந்து எஞ்சினையும் அச்சையும் தூக்கிச் சேர்த்து, எண்ணெய், குளிரூட்டித் திரவம், பிரேக் திரவம் நிரப்பி, சக்கர நேர்ப்பாடு, பிரேக் சோதனை, தண்ணீர்ச் சோதனை முடித்து அனுப்புவார்கள். வெல்டிங்கும் பெயின்டும் உள்நாட்டிலேயே நடக்கிறதா என்பதை மகள் முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.கே.டி. (பாதி பொருத்திய நிலையில் வருவது), சி.கே.டி. (முழுவதும் பாகங்களாகப் பிரித்து வருவது) என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் கிடக்கிறது. உற்பத்தி சிறியதாக இருப்பதில் அவளுக்கு ஒரு லாபம்: பெரிய தொழிற்சாலையில் ஒருவருக்கு இரண்டு போல்ட், இங்கே ஒரு நிலையத்திலேயே (லைனில் கார் நின்று வேலை நடக்கும் ஓர் இடத்திலேயே) இருபது முப்பது வேலை.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த ஓட்டம் புதிதல்ல. தேயிலை ஃபெக்டரியில் ரோலர் ஒன்று நின்றால் மேல்மாடியில் கொழுந்து அளவுக்கு மீறி வாடும். ட்ரையர் பிந்தினால் அரைத்த இலை அளவுக்கு மீறிப் புளிக்கும். எந்த இயந்திரம் எல்லாவற்றையும் மறிக்கிறது என்று கண்டுபிடிப்பவர்தான் அங்கே கெட்டிக்காரர். கார் லைனிலும் அதே கதைதான், இங்கே காத்திருப்பது கொழுந்துக்குப் பதிலாகக் கார்.

ஒரு கணக்கு. வேலை நேரம் 480 நிமிடம். சாப்பாடு 30, தேநீர் இரு தடவை 15 என்று 60 போனால் மீதி 420. நாளுக்கு 14 கார் வேண்டுமென்றால் ஒவ்வொரு நிலையத்துக்கும் 30 நிமிடம். இதைத்தான் ‘டாக்ட் டைம்’ என்பார்கள். மகள் ஸ்டொப்வொட்ச் எடுத்து (மேற்பார்வையாளரிடமும் வேலை செய்பவரிடமும் சொல்லிவிட்டுத்தான், ஒளித்து எடுத்தால் சண்டை வரும்) ஒரு நிலையத்தைப் பத்துக் காருக்கு அளக்கட்டும். 34 நிமிடம் வந்தால் அங்கேதான் அடைப்பு. ஏன் 34? போல்ட் பெட்டி 6 மீற்றர் தள்ளி இருக்கிறது, ஒரு காருக்கு எட்டுத் தடவை போய் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 96 மீற்றர் நடை, ஏறத்தாழ 80 வினாடி. 14 காருக்கு நாளொன்றில் கிட்டத்தட்ட 19 நிமிடம் நடையிலேயே போகிறது. பெட்டியைச் சில்லு வைத்த தட்டில் காரோடு நகர்த்தினால் அது மிச்சம். முழுத் தீர்வு இல்லைதான், ஆனால் மீதி எங்கே போகிறது என்று தேட ஒரு நூல் கையில் கிடைத்துவிட்டது. இந்த அளவு ஒன்றே ஒரு நல்ல பயிற்சித் திட்டம். ரோபோ வாங்கச் சொல்லி முப்பது பக்கம் எழுதும் மாணவர்களின் அறிக்கையை எவரும் இரண்டாம் தடவை புரட்டுவதில்லை.

பிழைகளைத் தேடச் சொல்லுங்கள். எங்கே அதிகம் வரும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். வயரிங் இணைப்பிகள் பாதி பூட்டியபடி நிற்பது முதலிடம்: தள்ளு, ‘கிளிக்’ சத்தம் கேள், இலேசாக இழுத்துப் பார், இந்த மூன்றும் செய்யாவிட்டால் ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் வீட்டில் விளக்கு அணையும். பிரேக் திரவம் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் கொப்பளிக்கும். மோதிரம், கைக்கடிகாரம், இடுப்புப் பட்டியின் உலோகப் பூட்டு மூன்றும் காரைக் கீறும்.

தண்ணீர்ச் சோதனையில் முன்பக்கக் கம்பளம் நனைந்திருந்தால் எல்லோரும் கதவு ரப்பரைத்தான் குற்றம் சொல்வார்கள். பல தடவை காரணம் வேறு. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வயர்க்கட்டு தகட்டுச் சுவரின் துவாரத்தில் ஒரு ரப்பர் வளையத்தின் ஊடாக வருகிறது. உள்ளே நிற்பவர் வேகமாக இழுக்கும்போது அந்த வளையத்தின் உதடு ஒரு பக்கம் மடிந்துபோகும். வெளியே பார்த்தால் சரியாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். விரலைச் சுற்றிலும் ஓட்டினால்தான் மடிப்பு தட்டுப்படும். இதைக் கண்டுபிடித்து, “சரிபார்ப்புத் தாளில் ‘விரலால் சுற்றிப் பார்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்” என்று எழுதினால், அதுவே பொறியியல்.

தொடக் கூடாததும் உண்டு. மஞ்சள் இணைப்பிகள் எயர்பேக்குக்கு உரியவை, செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் ஹைபிரிட், மின்சாரக் கார்களின் உயர் மின்னழுத்தக் கேபிள்கள். தனிப் பயிற்சி தரப்படும்வரை அவற்றில் கை வைக்கவே கூடாது. காற்றுக் குழாயால் உடுப்புத் தூசியைத் தட்டுவது அங்கே வழக்கமாக இருந்தாலும் மகள் செய்யக் கூடாது. இரும்பு மூக்குச் சப்பாத்து கொம்பனி தருமா, விபத்துக் காப்புறுதி யார் பெயரில், கொடுப்பனவு உண்டா, எந்தத் திகதியில் வரும் என்பவற்றைத் தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் இன்றாவது கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

நாளேட்டைப் பற்றி நீங்களே மகளிடம் கேட்கலாம். நைட்டா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) தரும் பயிற்சி நாளேட்டில் “இன்று கதவு பொருத்தினேன்” என்று எழுதியிருந்தால் அந்த நாள் வீண். இப்படி இருக்க வேண்டும்: “இடப்பக்க முன்கதவு. மட்கார்டுக்கும் கதவுக்கும் இடைவெளி மேலே 4.0, கீழே 5.5 மி.மீ. கதவின் பின்முனை 2 மி.மீ. உயர்ந்திருந்தது. மேல் கீலை அப்படியே விட்டு, கீழ்க் கீலைத் தளர்த்தி முன்னே நகர்த்தியதும் இடைவெளி 4.0, 4.2. பின்முனையும் இறங்கியது.” கூடவே கையால் வரைந்த ஒரு படம். படம் எடுக்கத் தொலைபேசியைத் தூக்கக் கூடாது, பல தொழிற்சாலைகளில் அது தடை. கையெழுத்தை வாரா வாரம் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக நீட்டினால் அதிகாரி விடுமுறையில் இருப்பார்.

மொழி ஒரு தடையாகத் தெரியலாம். குளியாப்பிட்டிய, வெலிப்பென்ன, பாணாகொட என்று வாகனம் பொருத்தும் இடங்கள் பெரும்பாலும் சிங்களம் பேசும் ஊர்களில்தான். தளத்தில் ஆங்கிலத்தை விடச் சிங்களம்தான் வேலை செய்யும். ‘ஹிர கரன்ன’ என்றால் இறுக்கு, ‘புருல்’ என்றால் தளர்ந்திருக்கிறது. இந்த அளவோடு முதல் வாரம் ஓடிவிடும். ஆனால் எச்சரிக்கைப் பலகையை வாசிக்க எழுத்தும் தெரிய வேண்டும், மாலையில் அரை மணித்தியாலம் போதும்.

நிலையம் மாற்றும்படி யாரைக் கேட்பது? லைன் மேற்பார்வையாளரை அல்ல, அவருக்கு இன்றைய காரை முடிக்க ஆள் வேண்டும். பயிற்சி அதிகாரியிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்: இத்தனை வாரம் பொருத்துதல், இத்தனை வாரம் தரக் கட்டுப்பாடு, இத்தனை வாரம் உதிரிப்பாகக் களஞ்சியம், மீதி பராமரிப்பு. பதில் வராவிட்டால் பீடத்தின் பயிற்சி இணைப்பாளருக்கு. மாணவர்கள் இந்தக் கடைசிப் படியை ஏறத் தயங்குகிறார்கள், மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளரிடம் “எல்லாம் நல்லா இருக்கு சேர்” என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் பயிற்சி கெடுகிறது.

கார்க் கொம்பனியிலேயே வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இடங்கள் குறைவு. 2020இல் வாகன இறக்குமதி நின்றதும் 2025 தொடக்கத்தில் மறுபடி திறந்ததும் காட்டியதுபோல, அரசின் இறக்குமதிக் கொள்கை அசைந்தால் இந்தத் தொழிலும் அசையும். ஆனால் டாக்ட் டைம் அளந்தவளை ஆடைத் தொழிற்சாலையும் டயர்த் தொழிற்சாலையும் எடுத்துக்கொள்ளும். அங்கேயும் இதே கணக்குத்தான். சுயவிபரத்தில் “கார் கொம்பனியில் பயிற்சி” என்று எழுதாமல், எந்த நிலையம், என்ன அளந்தாள், எவ்வளவு மாறியது என்று இரண்டு வரியில் எழுதட்டும்.

விலகும் நாளுக்கு முன் சேவைக் கடிதம், கையெழுத்திட்ட நாளேடு இரண்டும் கையில் இருக்க வேண்டும். நாளேட்டின் எல்லாப் பக்கத்தையும் போட்டோகொப்பி எடுத்து ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போடிங் மாறும்போது தொலையும் சாமான்களில் அதுவும் ஒன்று.