கொடைக்கானல் ஏரியில் படகோட்டியுடன் போனால் எப்படி இருக்கும்?

வயசான அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் உங்களோடு வருகிறார்களா? அப்படியானால் மிதிபடகு வேண்டவே வேண்டாம், ஆள் ஓட்டும் துடுப்புப் படகே எடுங்கள். கட்டணம், நேரம் இரண்டையும் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனம் வேண்டியது ஏறும்போதுதான். கால் வைத்ததும் படகு ஒரு பக்கம் சாயும். படகோட்டி சொல்லும் வரிசையில், நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதையும் எடை பார்த்து அவரே சொல்வார். போட்டோவுக்காக எழுந்து இடம் மாறாதீர்கள். அம்மாவின் லைஃப் ஜாக்கெட் கொக்கியை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி இது. நட்சத்திரம் போலக் கைகள் நீளும், அதனால் ஒரே சவாரியில் எல்லா மூலையும் பார்க்க முடியாது. காலையிலேயே போங்கள். பனிமூட்டம் இறங்கினால் படகோட்டி பாதியிலேயே படகைத் திருப்புவார். அவர் பேச்சைக் கேளுங்கள்.